பயிற்சிக்கு ஒரு காடு: பக்கத்திலேயே இடம் கண்டுபிடிப்பது எப்படி?

புஷ்கிராஃப்ட், அதாவது எளிய கருவிகளோடு காட்டில் தங்கிச் சமாளிக்கும் கலையைப் பழக ஆசைப்படுகிறவர்கள் முதலில் கத்தி வாங்குவார்கள். அப்புறம் தார்ப்பாய், கயிறு, தீப்பொறிக் கம்பி. எல்லாம் வந்து சேர்ந்த பிறகுதான் கேள்வி எழும்: இதையெல்லாம் எங்கே போய்ச் செய்வது?

நானும் அப்படித்தான். வரைபடத்தில் பச்சையாகத் தெரிந்த ஒரு திட்டைப் பார்த்து, வேலி ஏதும் இல்லையே என்று நம்பி உள்ளே போனேன். தார்ப்பாயின் இரண்டாவது மூலையைக் கட்டும்போது பின்னாலிருந்து ஒரு குரல்: "யாரைக் கேட்டு வந்தீங்க?" என்னிடம் பதில் இல்லை. எல்லாவற்றையும் அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு இருட்டில் நடந்து திரும்பினேன். அதிலிருந்து நான் தேடும் வரிசையே மாறிவிட்டது. மரங்கள் எப்படி இருக்கின்றன என்று பார்ப்பதற்கு முன்னால், அங்கே 'சரி' சொல்லக்கூடிய ஆள் யார் என்று பார்க்கிறேன்.

படி 1: என்ன செய்யப் போகிறீர்கள் என்று எழுதுங்கள்

'காட்டில் பயிற்சி' என்பதற்குள் பல வேலைகள் ஒளிந்திருக்கின்றன: நடப்பது, இரவு தங்குவது, தீ மூட்டுவது, மரம் வெட்டுவது, கத்தி வைத்திருப்பது. இவை ஒவ்வொன்றுக்கும் விதி தனி. பின்லாந்தில் காட்டில் ஓரிரு இரவு கூடாரம் போட யாரையும் கேட்க வேண்டாம். ஆனால் திறந்த தீ மூட்ட நில உரிமையாளர் சம்மதிக்க வேண்டும். நார்வேயில் ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை காட்டிலும் காட்டை ஒட்டிய இடத்திலும் தீ மூட்டப் பொதுத் தடை உண்டு. பிரிட்டனில் விரித்தால் பூட்டிக்கொள்ளாத மடக்குக் கத்தி, 3 அங்குலத்துக்குள் வெட்டும் விளிம்பு இருந்தால் பையில் இருக்கலாம். அதைவிடப் பெரியதைப் பொது இடத்தில் வைத்திருக்கத் தக்க காரணம் சொல்ல வேண்டும்.

புதியவருக்கு என் பட்டியல் சிறியது: தார்ப்பாய் கட்டுவது, நாலைந்து முடிச்சு, விழுந்து கிடக்கும் குச்சியைக் கத்தியால் சீவுவது, காய்ந்த சுள்ளியையும் ஈரச் சுள்ளியையும் ஒடித்துப் பார்த்துப் பிரிப்பது, தீ இல்லாமல் ஓர் இரவு. இதற்கு அடர்ந்த பெருங்காடு எதற்கு? ஏழெட்டு மரமும் சமமான தரையும் இருந்தால் போதும். இதைப் புரிந்துகொண்டால் தேடல் பாதி முடிந்துவிடும்.

படி 2: வரைபடத்தை இரண்டு விதமாகப் பாருங்கள்

வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்குள் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். தூரமாக இருந்தால் இரண்டாவது முறை போக மாட்டீர்கள். பயிற்சி என்பதே திரும்பத் திரும்பப் போவதுதானே.

செயற்கைக்கோள் படத்தையும் சமஉயரக் கோடுகள் உள்ள வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வையுங்கள். மரங்கள் நேர்வரிசையில் தெரிந்தால் அது யாரோ நட்டது. நட்டவர் யார் என்று விசாரித்தால் தெரிந்துவிடும். சமஉயரக் கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்துச் சரிவு, விலகியிருந்தால் தூங்கக்கூடிய தரை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்தில் ஒற்றையடிப் பாதைகளும், பல இடங்களில் பாதுகாக்கப்பட்ட பகுதிகளின் எல்லைகளும் தெரியும். வனவிலங்குச் சரணாலயம், ராணுவப் பயிற்சித் திடல் என்றால் உடனே பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். மூன்று நான்கு இடம் மிஞ்சினால் போதும்.

படி 3: அது யாருடைய காடு?

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிக் குதிக்கிறார்கள். நாட்டுக்கு நாடு பதில் தலைகீழாக மாறும். ஸ்வீடனில் பொதுமக்களின் இயற்கை உரிமை என்ற மரபு உண்டு. வீடுகளுக்கு அருகில் இல்லாமல், எதையும் கெடுக்காமல், ஓரிரு இரவு தங்கலாம். ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம் பெரும்பாலான நிலங்களில் பொறுப்புடன் தங்கும் உரிமையைத் தருகிறது. அங்கேயே லாக் லோமண்ட் தேசியப் பூங்காவின் சில பகுதிகளில் மார்ச் முதல் செப்டம்பர் வரை அனுமதிச் சீட்டு வேண்டும். கொஞ்சம் தெற்கே இறங்கி இங்கிலாந்துக்கு வந்தால் கதையே வேறு: உரிமையாளர் சொன்னால்தான் உண்டு. டார்ட்மூர் என்ற மேட்டுநிலத்தின் பொதுமேய்ச்சல் நிலங்கள் மட்டும் விதிவிலக்கு. அந்த உரிமையை உச்ச நீதிமன்றம் 2025-இல் உறுதி செய்தது. அமெரிக்கத் தேசிய வனங்கள் பலவற்றில் முகாம் திடலுக்கு வெளியேயும் தங்கலாம். பொதுவாக 14 நாள் வரம்பு இருக்கும். இந்தியாவில் காப்புக் காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதும் தீ மூட்டுவதும் 1927-ஆம் ஆண்டு வனச் சட்டப்படி குற்றம்.

ஆக, நீங்கள் இருக்கும் இடத்தின் விதியை வனத்துறை அல்லது உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். காணொளியில் யாரோ தங்கிக் காட்டினார் என்பது அனுமதி ஆகாது.

தனியார் தோப்பு என்றால் நில ஆவணத்தைத் தேடலாம். அதைவிட வேகமான வழி, பக்கத்து வீட்டில் விசாரிப்பது. இரண்டுமே கூச்சமாக இருந்தால் மரங்களுக்கு நடுவே உள்ள கட்டண முகாம் திடல், சாரணர் முகாம், வார இறுதிப் பயிற்சி வகுப்பு என்று தொடங்கலாம். முதல் இரண்டு இரவுக்கு நான் அதையே சொல்வேன். அது ஏமாற்று வேலை இல்லை. கூடாரம் ஒழுகினால் ஓடி ஒதுங்க ஒரு கூரை இருக்கும்.

படி 4: கேளுங்கள்

நான் அனுப்பும் செய்தி கிட்டத்தட்ட இப்படி இருக்கும்:

"வணக்கம். வரும் சனிக்கிழமை மாலை 4 மணி முதல் ஞாயிறு காலை 9 மணி வரை, உங்கள் தோப்பின் வடக்கு ஓரத்தில் நானும் ஒரு நண்பரும் தங்கிக்கொள்ளலாமா? ஒரு தார்ப்பாய் கட்டுவோம். தீ மூட்ட மாட்டோம், மரம் எதையும் வெட்ட மாட்டோம், குப்பையைத் திரும்ப எடுத்துப் போவோம். வேண்டாம் என்றாலும் பரவாயில்லை. என் எண் கீழே."

எத்தனை பேர், எந்த ஓரம், எத்தனை மணிக்குக் கிளம்புவோம் என்று துல்லியமாகச் சொன்னால் கேட்பவருக்குப் பயம் குறையும். முதல் முறையே தீ கேட்காதீர்கள். உரிமையாளர்களின் பெரிய கவலை அதுதான். பதிலை எழுத்தில் வாங்கி போனில் வைத்துக்கொள்ளுங்கள். வழியில் யாராவது நிறுத்தினால் காட்டலாம். ஐந்து பேரைக் கேட்டால் ஒருவர் தலையாட்டினாலே நல்ல நாள்.

படி 5: பகலில் ஒரு முறை போய்ப் பாருங்கள்

பையை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். படுக்கும் இடத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள். பட்டுப்போன கிளை, இன்னொரு மரத்தில் சாய்ந்து நிற்கும் மரம், அடியில் காளான் பிடித்த தண்டு இருந்தால் நகர்ந்துவிடுங்கள். யூகலிப்டஸ் காற்றே இல்லாத நாளிலும் கிளையை உதிர்க்கும். அப்புறம் கீழே பாருங்கள்: எறும்புப் புற்று, விலங்குத் தடம், தண்ணீர் ஓடிய சுவடு. பள்ளமான இடம் ஒதுக்கமாகத் தெரியும், ஆனால் இரவில் குளிர்காற்று இறங்கித் தேங்குவது அங்கேதான். வறண்ட ஓடைப்படுகை அதைவிட மோசம். மேலே எங்கோ மழை பெய்தால் வெள்ளம் உங்களிடம் சொல்லிவிட்டு வராது.

போனில் சிக்னல் எந்த இடத்தில் கிடைக்கிறது, சாலைக்கு நடக்க எத்தனை நிமிடம் என்று குறித்துக்கொள்ளுங்கள். முதல் முறை குடிநீரைக் கையோடு கொண்டுபோங்கள். ஓடைநீர்தான் என்றால் கொதி வந்த பிறகு 1 நிமிடம், 2,000 மீட்டருக்கு மேல் 3 நிமிடம் கொதிக்கவிடுங்கள். மலம் கழிக்க நீர்நிலையிலிருந்து 60 மீட்டராவது தள்ளி, 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் குழி.

படி 6: தீக்கு அனுமதி கிடைத்துவிட்டால்

நேரடியாகத் தரையில் வேண்டாம். மட்கிய இலைப்படுகையும் வேரும் மண்ணுக்கு அடியிலேயே கனன்று, நீங்கள் போன பிறகு வேறெங்கோ வெளிப்படும். கால்கள் உள்ள இரும்புத் தட்டு ஒன்றின் மேல் மூட்டினால் போதும். ஆற்றுக் கற்களை அடுக்காதீர்கள். உள்ளே ஈரம் இருந்தால் வெடிக்கும். அணைக்கும்போது தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு தெரிந்தால் இன்னும் அணையவில்லை.

படி 7: முதல் இரவு

எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். சூரியன் மறைய இரண்டு மணி நேரம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். இருட்டில் முடிச்சுப் போடப் பழகுவது பிறகு பார்த்துக்கொள்ளலாம். உண்ணி உள்ள பகுதி என்றால் காலையில் அக்குள், முழங்கால் மடிப்பு, காதுப் பின்புறம் எல்லாம் தடவிப் பாருங்கள். கிளம்பும்போது காலியான இடத்தைப் படமெடுத்து, நன்றியோடு உரிமையாளருக்கு அனுப்புங்கள்.

அந்தக் குரலுக்குரியவரை ஒரு மாதம் கழித்து மேலே உள்ள செய்தியோடு போய்ப் பார்த்தேன். படித்துவிட்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: வரும்போதெல்லாம் தோப்பின் பின்பக்கம் மரம் ஏதாவது விழுந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். இன்றைக்கும் அங்கேதான் பழகுகிறேன். போன முறை இரண்டு விழுந்திருந்தன.