பெங்களூரு வீட்டில் கிரேட் டேன் வளர்ப்பு: முதல்முறை வளர்ப்பவர்களுக்கான செய்முறை

எங்கள் கருப்பன் கிரேட் டேன் இனத்தைச் சேர்ந்தவன். வயது ஆறு, எடை 64 கிலோ. அல்சூரில் உள்ள எங்கள் தரைத்தள வாடகை வீட்டில்தான் குட்டியிலிருந்து வளர்ந்தான். காலை நடையின்போது ஏரிப் பக்கம் எங்களை நிறுத்தி, இப்படி ஒரு நாயை எப்படி வளர்ப்பது என்று விசாரிப்பவர்கள் அநேகம். நின்றபடியே ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயமாக அது இல்லாததால், இங்கே படிப்படியாக எழுதுகிறேன். மாஸ்டிஃப், செயின்ட் பெர்னார்ட் போன்ற பிற பேரினக் குட்டிகளுக்கும் இவற்றில் பெரும்பாலானவை பொருந்தும்.

தொடங்குமுன் ஒரு கணக்கை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறக்கும்போது ஏறக்குறைய அரைக் கிலோ இருக்கும் கிரேட் டேன் குட்டி, முதல் பிறந்தநாளுக்குள் 45 கிலோவைத் தாண்டிவிடக்கூடும். இந்த வேகத்துக்கு அதன் எலும்பும் மூட்டும் ஈடுகொடுக்க வேண்டியிருப்பதால், நாம் செய்யக்கூடிய நல்லதெல்லாம் வளர்ச்சியைத் தூண்டாமல் இருப்பதுதான். குட்டி எவ்வளவு பெரிதாகும் என்பது பிறப்பிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. அது அந்த அளவை எட்டும்போது மூட்டுகள் எந்த நிலையில் இருக்கும் என்பதுதான் நம் கையில் இருக்கிறது.

முதல் படி: குட்டியைத் தேர்ந்தெடுத்தல்

எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்பது நாய் இனப்பெருக்கம், விற்பனை தொடர்பான 2017-ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகளிலேயே இருக்கிறது. ஐந்து வாரத்தில் தருகிறேன் என்பவரிடம் வாங்காதீர்கள். தாயை நேரில் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். பெற்றோரின் இடுப்பு எக்ஸ்ரே இருக்கிறதா என்றும், அந்த வழியில் எந்த நாய்க்காவது வயிறு முறுக்கிக்கொண்டதா என்றும் கேளுங்கள். நெருங்கிய உறவு நாய்க்கு வயிற்று முறுக்கு வந்திருந்தால் குட்டிக்கும் ஆபத்து கூடுதல். இந்தக் கேள்விகளுக்கு எரிச்சல்படுகிற இடத்தை விட்டு விலகிவிடுவதே நல்லது.

இனத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். செயின்ட் பெர்னார்ட் ஆல்ப்ஸ் மலைப் பனிக்காக உருவான நாய். பெங்களூரு 900 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருப்பது உண்மைதான் என்றாலும், ஏப்ரல் மதியங்களில் வெயில் 35 டிகிரியைத் தொடுகிறது. பகல் முழுவதும் அதற்குக் குளிர்ச்சியான அறை தர முடியாதவர்கள் அந்த ஆசையை விட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாம் படி: தரையும் படுக்கையும்

குட்டி வருவதற்கு முந்தைய நாளே தரையைச் சரிசெய்யுங்கள். நம் வீடுகளின் வழவழப்பான டைல்ஸ் தரையில் இந்தக் குட்டிகளின் பின்னங்கால்கள் இருபுறமும் வழுக்கி விரிந்துபோகின்றன. ஒரு நாளில் இருபது முறை அப்படி வழுக்கும் இடுப்பு மூட்டு சேதமடையாமல் இருக்க முடியாது. அது அதிகம் நடமாடும் வழி முழுவதும் ரப்பர் விரிப்போ, அடியில் வழுக்காத துணி விரிப்போ போடுங்கள். வளர்ந்தபின் முழங்கையில் காய்ப்பு விழாமலிருக்க, குறைந்தது நான்கு அங்குல கனமுள்ள மெத்தையும் தேவைப்படும்.

மூன்றாம் படி: உணவு

நான் தவறு செய்த இடம் இதுதான் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். கருப்பனுக்கு மூன்று மாதமானபோது, பெரிய நாய்க்கு எலும்பு கெட்டியாக வேண்டும் என்று மருந்துக்கடையில் ஒருவர் சொன்னதை நம்பி, உலர் தீவனத்தோடு தினமும் கால்சியம் சிரப் கொடுத்து வந்தேன். ஐந்து வாரத்தில் அவன் முன்னங்கால்கள் மணிக்கட்டுப் பகுதியில் வெளிப்புறமாக வளைந்து, நிற்கும்போது பாதம் தட்டையாகப் பரவியது. மருத்துவர் அவன் காலைத் தன் உள்ளங்கையில் ஏந்திப் பார்த்துவிட்டு, “தம்பி, நல்ல தீவனம் போடுற குட்டிக்கு இந்த சிரப்பு எதுக்கு? முதல்ல இத நிறுத்துங்க” என்றார். சிரப்பை நிறுத்தி, தீவனத்தின் அளவையும் அவர் சொன்னபடி குறைத்த பிறகு, கால்கள் நேராக இரண்டரை மாதம் ஆயிற்று. எல்லாக் குட்டிகளுக்கும் அப்படி நேராகிவிடுவதில்லை.

காரணம் இதுதான். சுமார் ஆறு மாதம் வரை, உணவில் வரும் மிகுதியான கால்சியத்தை வேண்டாமென்று தள்ளும் திறன் குட்டியின் குடலுக்குப் போதிய அளவில் இல்லை. கொடுப்பதில் பெரும்பகுதி உடலில் சேர்ந்து, எலும்பு வளர்ச்சியின் ஒழுங்கைக் குலைத்துவிடுகிறது. எனவே, பெரிய இனக் குட்டிகளுக்கானது என்று உறையில் தெளிவாக எழுதியிருக்கும் தீவனத்தை வாங்கி, கால்சியம் 1 முதல் 1.5 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்த்து, அதற்குமேல் சிரப்போ, மாத்திரையோ, எலும்புத்தூளோ எதையும் சேர்க்காதீர்கள்.

பெங்களூரில் எல்லோரும் கேட்கும் ராகிக் கஞ்சி விஷயத்துக்கு வருவோம். நூறு கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அதே எடை குட்டித் தீவனத்தில் 1,000 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும். ஆகவே ராகியால் கால்சியம் கூடிப்போகும் என்ற பயம் வேண்டாம். கஞ்சியால் வயிறு நிறைந்துவிட்டால் புரதமும் மற்ற சத்துகளும் குறைந்துபோகும் என்பதுதான் அதில் உள்ள சிக்கல். ஒன்றிரண்டு கரண்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெங்காயம் சேர்ந்த சாம்பார் சாதம், திராட்சை, சாக்லெட், வேகவைத்த எலும்பு ஆகியவை கூடவே கூடாது.

ஆறு மாதம் வரை ஒரு நாளைக்கு மூன்று வேளையும், பிறகு வாழ்நாள் முழுவதும் இரண்டு வேளையும் கொடுங்கள். வளர்ந்த கிரேட் டேனுக்கு மாதம் 25 கிலோவுக்கு மேல் தீவனம் ஆகும் என்பதையும் வீட்டுச் செலவில் இப்போதே எழுதிக்கொள்ளுங்கள்.

குட்டி சரியான உடலில் இருக்கிறதா என்பதை உங்கள் கையே சொல்லிவிடும். கையை முட்டியாக மடக்கி, விரல் கணுக்களை மறு கையால் தடவுங்கள். குட்டியின் விலா அப்படித் துருத்திக்கொண்டிருந்தால் அது மெலிந்திருக்கிறது. கையை விரித்து உள்ளங்கையின் சதையை அழுத்துங்கள். விலா அப்படி மெத்தென்று இருந்தால் எடை கூடிவிட்டது. விரித்த புறங்கையைத் தடவும்போது மெல்லிய தோலுக்குக் கீழே எலும்புகள் தட்டுப்படுகின்றன அல்லவா, விலா அப்படி இருக்க வேண்டும். வாரந்தோறும் இதைச் செய்யுங்கள். குட்டி ஒல்லியாக இருக்கிறதே, சாப்பாடு போடுகிறீர்களா என்று தெருவில் யாராவது கேட்டால், பெரும்பாலும் அது சரியாகத்தான் இருக்கிறது.

நான்காம் படி: நடையும் ஓய்வும்

ஒன்றரை வயது வரை நீண்ட ஓட்டம், மாடிப்படி ஏறி இறங்குதல், காரிலிருந்து குதித்தல் ஆகியவற்றைத் தவிருங்கள். பத்துப் பதினைந்து நிமிட நடை, நாளுக்கு இரண்டு மூன்று முறை போதும். புல்தரையில் தன் விருப்பப்படி விளையாடி, களைத்தால் தானே படுத்துக்கொள்ள விடுவது இன்னும் நல்லது. மாடி வீட்டுக்காரர்கள் லிஃப்டைப் பயன்படுத்துங்கள். வளர்ப்பு நாயை லிஃப்டில் அனுமதிக்க மறுக்கக் கூடாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலைக் குடியிருப்புச் சங்கத்தாரிடம் பணிவாக எடுத்துச் சொல்லலாம்.

ஐந்தாம் படி: பழக்கம்

பத்துக் கிலோ குட்டி மேலே தாவும்போது எல்லோரும் கொஞ்சுவார்கள். ஆறு மாதம் கழித்து அதே தாவல் ஒரு பாட்டியின் இடுப்பெலும்பை முறித்துவிடும். ஆகவே வளர்ந்த நாய் செய்யக் கூடாத எதையும் குட்டி செய்யவும் விடாதீர்கள். நான்கு காலும் தரையில் இருக்கும்போது மட்டும் தடவிக்கொடுங்கள். தாவினால் பேசாமல் திரும்பி நின்றுகொள்ளுங்கள். இந்த நாய்களுக்கு நம் மீது பக்கவாட்டில் சாய்ந்து நிற்கும் வழக்கம் உண்டு. கருப்பன் என் தொடையில் தோளைக் கொடுத்து, பெருமூச்சு விட்டு, மொத்தப் பாரத்தையும் இறக்கும்போது நான் ஒரு காலைப் பின்னால் ஊன்றிக்கொள்கிறேன். அது அன்புதான், ஆனாலும் குழந்தைகளிடமும் வயதானவர்களிடமும் அப்படிச் சாய விடாதீர்கள்.

ஆறாம் படி: ஊசி, உண்ணி, உரிமம்

ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, பதினாறு வாரம் வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை தடுப்பூசி. மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி. நகரத்தில் உண்ணிக் காய்ச்சல் மிகுதி என்பதால் உண்ணி மருந்தை ஆண்டு முழுவதும் நிறுத்தாதீர்கள். சாப்பிட மறுத்து, ஈறு வெளுத்திருந்தால் அன்றே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். மாநகராட்சி உரிமமும் வாங்கிவிடுங்கள். மாஸ்டிஃப் உள்ளிட்ட 23 இனங்களைத் தடைசெய்யச் சொன்ன 2024 மார்ச் மாத மத்திய அரசுச் சுற்றறிக்கையைக் கர்நாடக உயர் நீதிமன்றம் அடுத்த மாதமே ரத்து செய்தது. கிரேட் டேன் அந்தப் பட்டியலில் இடம்பெறவே இல்லை.

ஏழாம் படி: வயிற்று முறுக்குக்குத் தயாராக இருத்தல்

மற்ற படிகளில் சிறு பிழை நேர்ந்தால் பின்னர் திருத்திக்கொள்ளலாம். இதில் சில மணி நேரத்தில் நாய் இறந்துவிடும். ஆழமான மார்புக்கூடு உள்ள நாய்களுக்கு இரைப்பை காற்றால் உப்பித் தன்னைத்தானே முறுக்கிக்கொள்ள, ரத்த ஓட்டம் தடைபடுகிறது. வாந்தி எடுக்க முயன்றும் நுரையைத் தவிர ஒன்றும் வராது, எச்சில் வழியும், படுப்பதும் எழுவதுமாக இருப்புக்கொள்ளாது, விலாவுக்குப் பின்னால் வயிறு பறைபோல் இறுகும். ஓமத் தண்ணீர், அமிலம் தணிக்கும் மருந்து என்று எதையும் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் அந்த நிமிடமே கிளம்புங்கள். பெரும்பாலும் அறுவைசிகிச்சைதான் உயிரைக் காக்கும்.

ஆபத்தைக் குறைக்கவும் வழி உண்டு. ஒரே வேளையில் மொத்த உணவையும் போடாதீர்கள். அவசரமாக விழுங்கும் நாய்க்குத் தடுப்புள்ள தட்டில் வையுங்கள். சாப்பிட்டபின் ஒரு மணி நேரமாவது ஓட விடாதீர்கள். தட்டை உயரத்தில் வைக்கச் சொல்பவர்கள் உண்டு. ஆனால் 2000-இல் வெளியான பர்டியூ பல்கலைக்கழக ஆய்வு, உயர்த்திய தட்டில் உண்ட நாய்களுக்கே ஆபத்து கூடுதல் என்று கண்டது. ஆகவே நான் தரையில்தான் வைக்கிறேன். கருத்தடை அறுவைசிகிச்சையின்போதே இரைப்பையை வயிற்றுச் சுவரோடு தைத்துவிடும் முறை இருக்கிறது. அதன்பின் வயிறு உப்பினாலும் முறுக்கிக்கொள்வது அரிது. கருப்பனுக்கு இரண்டு வயதில் அதைச் செய்தோம்.

இரவிலும் அறுவைசிகிச்சை செய்யும் மருத்துவமனை எது என்பதை இன்றே விசாரித்து, எண்ணை ஃப்ரிட்ஜில் ஒட்டிவையுங்கள். ஆட்டோவில் இந்த நாய் படுக்க இடமிருக்காது. எனவே யாருடைய காரில் போவீர்கள் என்பதையும் பேசி முடிவுசெய்யுங்கள். பிறகு ஒருநாள் ஒத்திகை பாருங்கள். நாங்கள் பார்த்தபோது, கெட்டியான ஜமக்காளத்தில் கருப்பனைப் படுக்கவைத்து, நானும் எதிர்வீட்டுத் தம்பியும் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினோம். வாசல்வரை சிரமமில்லாமல் வந்துவிட்டோம்; ஆனால் காரின் பின்கதவு சுவரை ஒட்டியிருந்ததால் பாதிதான் திறந்தது, அவனை உள்ளே விட முடியவில்லை. அன்றிலிருந்து எங்கள் தெருவில் அந்தக் கார் இரவில் பின்கதவு எங்கள் வாசலைப் பார்த்தபடிதான் நிற்கிறது.