கோலாலம்பூரில் குடிநீர் ஃபில்டர்: கையெழுத்துப் போடும் முன்

புதிதாக வந்தவர்கள் வீடு பார்த்த கையோடு கேட்பது, "இங்கே எந்த ஆர்ஓ நல்லது?" என்றுதான். சென்னை போர் தண்ணீரோடு மல்லுக்கட்டியவர்களுக்கு வேறென்ன தோன்றும்? ஆனால் ஆர்ஓவின் முக்கிய வேலை உப்பைக் குறைப்பது. கோலாலம்பூர் குழாயில் வருவது சுத்திகரித்து குளோரின் கலந்த ஆற்று நீர். டிடிஎஸ், அதாவது ஒரு லிட்டரில் கரைந்துள்ள உப்பு முதலியவை, பெரும்பாலும் 100 மில்லிகிராமுக்குள்தான். இவ்வளவு குறைந்த உப்பை எடுக்க எதற்குக் காசு? (அந்தத் தண்ணீருக்கான பில் 'ஆயர் சிலாங்கூர்' பெயரில் வரும். மலாயில் ஆயர் என்றால் தண்ணீர். நான் அதை 'ஏர்' என்று படித்துவிட்டு, ஏசிக்கான பில் போலிருக்கிறது என்று ஒரு வாரம் ஓரமாக வைத்திருந்தேன்.)

இங்குள்ள தொல்லை துருவும் வண்டலும். ஆலையிலிருந்து சுத்தமாகக் கிளம்பும் தண்ணீர், பழைய குழாயிலும் கொண்டோ எனப்படும் அடுக்குமாடிகளின் மொட்டைமாடித் தொட்டியிலும் அவற்றைச் சேர்த்துக்கொண்டு வருகிறது. தண்ணீர் வெட்டு முடிந்து மறுபடி வரும்போது முதலில் பழுப்பாகவே வரும். அதை ஃபில்டருக்குள் விடாதீர்கள். வேறு குழாயைத் திறந்து தெளியும்வரை ஓடவிடுங்கள்.

ஆக, வண்டலைப் பிடிக்க ஒரு கேட்ரிட்ஜ், குளோரின் வாடைக்கு ஆக்டிவேட்டட் கார்பன், கிருமிக்கு அல்ட்ராஃபில்ட்ரேஷன் (மிக நுண்ணிய துளைகள் உள்ள சவ்வு) அல்லது யுவி (புற ஊதா விளக்கு). கார்பன் கிருமியைக் கொல்லாது. யுவி கலங்கல் நீரில் சரியாக வேலை செய்யாது. அட்டைப்பெட்டியில் என்எஸ்எஃப் என்ற தரச்சான்றின் பெயர் மட்டும் இருந்தால் போதாது, எண்ணைப் பாருங்கள். 42 என்றால் சுவை, வாடை. 53 என்றால் ஈயம் போன்ற உடல்நலம் சார்ந்தவை. அதிலும் எந்தெந்தப் பொருளுக்குச் சான்று என்று பார்க்க வேண்டும். தரைவீடு என்றால் மெயின் குழாயில் ஒரு சாண்ட் ஃபில்டரும் போடலாம், பேக்வாஷ் செய்ய (தண்ணீரைத் திருப்பி விட்டு அழுக்கை வெளியேற்ற) மறக்காமல்.

அப்புறம் விற்பனைக்காரர் வருவார். இரண்டு கிளாஸில் கம்பிகளை விட்டு கரண்ட் கொடுப்பார். உங்கள் குழாய்த் தண்ணீர் சாக்கடை நிறமாகும், அவருடையது பளிங்காக இருக்கும். என் மனைவி அன்று இரவு சோறு வடிக்கவே பயந்தாள். அந்த நிறம் இரும்புக் கம்பி கரைவதால் வருவது. அவருடையது உப்பை எடுத்துவிட்ட ஆர்ஓ நீர். அதில் கரண்ட் சரியாகப் பாயாது, அதனால் நிறமும் மாறாது. அவருடைய கிளாஸில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டு மறுபடி செய்யச் சொல்லுங்கள், முகத்தைப் பார்க்கலாம்.

அவர் நீட்டும் தாளில்தான் உண்மையான ஆபத்து. மாத வாடகைத் திட்டங்கள் மூன்று, ஐந்து, ஏழு வருடம் என்று ஓடும். உங்கள் வேலை பாஸ் இரண்டு வருடத்துக்கு என்றால் ஏழு வருட ஒப்பந்தம் எதற்கு? இடையில் நிறுத்தினால் எவ்வளவு அபராதம், வீடு மாறினால் மாற்றிப் பொருத்த யார் செலவு என்று எழுத்தில் கேளுங்கள். கிச்சன் மேடையில் துளை போட வீட்டுக்காரரிடமும் அனுமதி வாங்குங்கள். நான் வாங்கவில்லை, டெபாசிட்டில் பிடித்துக்கொண்டார்கள்.

சொந்தமாக வாங்கினால் மாற்று கேட்ரிட்ஜின் விலையைக் கணக்கில் சேருங்கள். உள்ளே தெரியும் கூடு உள்ளதாக வாங்கினால், வெள்ளை கேட்ரிட்ஜ் பழுப்பாவது கண்ணுக்கே தெரியும். தீபாவளிக்கு ஊர் போய்த் திரும்பினால் முதல் சில நிமிடத் தண்ணீரைச் செடிக்கு விடுங்கள். குளோரின் போன தண்ணீர் உள்ளே தேங்கினால் கிருமி வளரும்.

ஃபில்டரால் ஆகாததும் உண்டு. 2020 செப்டம்பரில் கோலாலம்பூருக்கு வடக்கே உள்ள ரவாங் அருகே ஆற்றில் கழிவு கலந்து நான்கு சுத்திகரிப்பு ஆலைகளை மூடியபோது குழாயே வறண்டது. மூடி போட்ட இரண்டு பெரிய வாளிகளையும் வாங்கி வையுங்கள்.