பட்டினி கிடந்த உடலுக்கு மீண்டும் உணவு: செவிலியர் கவனத்துக்கு

உண்ணல் கோளாறால் (எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் உணவைத் தவிர்ப்பது போன்ற மனநலப் பாதிப்பால்) உடல் வற்றி வார்டுக்கு வருபவருக்கு எடுத்த எடுப்பில் வயிறு நிறையக் கொடுக்கக் கூடாது. மாவுச்சத்து உள்ளே போனதும் இன்சுலின் சுரந்து, ரத்தத்திலுள்ள பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியத்தை செல்களுக்குள் இழுத்துக்கொள்ளும். இதயத் துடிப்பே தடுமாறலாம். அதனால் முதலில் தயமின் (வைட்டமின் பி1), பிறகு மருத்துவர் குறித்த அளவில் உணவு. முதல் வாரம் தினமும் ரத்தப் பரிசோதனை அவசியம். கால் வீக்கம், மூச்சுத்திணறல், மனக்குழப்பம் தெரிந்தால் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

எடையைக் காலையில், சிறுநீர் கழித்த பின், மெல்லிய கவுனில், ஒரே கருவியில் பாருங்கள். திடீரென ஏறியிருந்தால், எடையைக் கூட்டிக் காட்ட நிறையத் தண்ணீர் குடித்திருக்கலாம். சிறுநீரின் ஒப்படர்த்தி (தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.005-க்குக் கீழே போனால் சந்தேகம் வலுக்கும்.

"உடம்பு தேறியிருக்கே" என்று சொல்லவே வேண்டாம். அது அவர் காதில் "குண்டாகிவிட்டாய்" என்றுதான் விழும். சாப்பிட்டதை வாந்தியெடுத்துவிடாமலிருக்க, சாப்பிட்டபின் ஒரு மணி நேரம் கூடவே இருங்கள். கழிப்பறைக்குச் சாப்பிடும் முன்பே போய்வரச் சொல்லுங்கள்.