ஃபிளமெங்கோ கிட்டார் வாசிப்பவர்கள் காதைக் காப்பாற்றிக்கொள்வது எப்படி?

நைலான் ஸ்டிரிங், ஆம்ப்ளிஃபையர் இல்லை, டிரம்ஸ் இல்லை, அப்புறம் எதற்கு இயர்பிளக் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் ஃபிளமெங்கோவை ஹெட்ஃபோனில் மட்டும் கேட்டவர்கள். ஸ்பெயினின் செவில்லேயில் ஏதாவது ஒரு தப்லாவோ (ஃபிளமெங்கோ நிகழ்ச்சி நடக்கும் கூடம்) மேடையில் கிட்டார்காரர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள். ஒரு பக்கம் பால்மாஸ், அதாவது தாளத்துக்குக் கைதட்டுபவர், அவர் கை கிட்டார்காரரின் காது உயரத்தில். இன்னொரு பக்கம் அடித்தொண்டையிலிருந்து பாடுகிற பாடகர். எதிரே மரத்தளத்தில் ஆணி அறைந்த காலணியோடு ஒருவர் ஆடுகிறார். போதாததற்கு கஹோன் என்கிற, மேலே உட்கார்ந்து கையால் தட்டும் மரப்பெட்டி வேறு. பெருவிலிருந்த அதை 1970களின் இறுதியில் ஃபிளமெங்கோ கிட்டார் மேதை பாக்கோ தெ லூசியா தன் குழுவுக்குள் கொண்டுவந்தார், இப்போது அது இல்லாத குழுவைப் பார்ப்பதே அபூர்வம்.

ஆக, ஆபத்து உங்கள் கிட்டாரில் இல்லை. அதன் சத்தம் பெரும்பாலும் முன்பக்கமாகத்தான் போகிறது, உங்கள் காது அதற்குப் பின்னால் இருக்கிறது. காதைக் கெடுப்பது பக்கத்து நாற்காலியும் எதிரே உள்ள தளமும்தான். நடன வகுப்புகளுக்கு வாசிக்க ஆரம்பித்த பிறகு இரவில் படுத்தால் என் காதில் ‘ஙொய்ய்’ என்று ஒரு ரீங்காரம் வரத் தொடங்கியது. அதற்கு நான் தேடிக் கண்டுபிடித்த வழிகள் இவை. ரஸ்கியாதோ (விரல்களை விரித்து ஸ்டிரிங்குகளை வாரி அடிப்பது), கோல்பே (கிட்டார் பலகையில் தட்டுவது), காம்பாஸ் (தாளச் சுற்று) எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

படி 1: அளந்து பாருங்கள்

ஐபோன் இருந்தால் அமெரிக்காவின் நையாஷ் (NIOSH) என்கிற பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் இலவசமாகத் தரும் சவுண்ட் லெவல் மீட்டர் ஆப்பைப் போடுங்கள். மற்ற ஆப்கள் பல அழகாக இருக்கும், எண்ணை நம்ப முடியாது. போனை மியூசிக் ஸ்டாண்டில் வைக்காதீர்கள். தோள்பட்டை உயரத்தில், பால்மாஸ் வரும் பக்கம் இருக்க வேண்டும். பார்க்க வேண்டியது குதித்துக்கொண்டே இருக்கும் எண்ணை அல்ல, முழு வகுப்புக்குமான சராசரியை.

நையாஷ் கணக்கு எளிது. 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் தாங்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும்: 88 என்றால் 4 மணி, 91 என்றால் 2, 94 என்றால் 1, 100 என்றால் கால் மணி நேரம். ஒரு மணி நேர வகுப்பின் சராசரி 94 என்று காட்டினால் முதல் வகுப்போடு அன்றைய கோட்டா முடிந்தது. மாலையில் இன்னும் இரண்டு வகுப்பும் இரவில் நிகழ்ச்சியும் இருக்கிறவர் நிலைமையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தில் நாள் சராசரி 80 டெசிபலைத் தாண்டினாலே வேலை கொடுப்பவர் காதுக் கவசம் கிடைக்கச் செய்ய வேண்டும், 85ஐத் தொட்டால் அதைப் போட்டே ஆக வேண்டும். இது இசைக்கலைஞர்களுக்கும் பொருந்தும்.

ஒரு எச்சரிக்கை. பால்மாஸ் கிளாராஸ் என்கிற கூர்மையான கைதட்டல் மாதிரி சுளீரென்று வெடிக்கிற சத்தத்தின் உச்சத்தை போன் மைக் சரியாகப் பிடிக்காது. நம் காதுக்கும் அதே சிக்கல்தான். பெரிய சத்தம் கேட்டால் நடுக்காதில் ஒரு குட்டித் தசை இறுகிக் கொஞ்சம் தடுக்கும். ஆனால் அது இறுகுவதற்குள் கைதட்டலின் உச்சம் உள்ளே போய்விடும். அதனால் மீட்டர் காட்டும் எண்ணைக் குறைந்தபட்சம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 2: நாற்காலியை நகர்த்துங்கள்

செலவே இல்லாத படி, ஆனால் யாரும் செய்வதில்லை. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் 6 டெசிபல் குறையும். கைதட்டுபவர் உங்கள் காதிலிருந்து அரை மீட்டரில் இருந்து ஒரு மீட்டருக்குப் போனாலே நேரடியாக வரும் சத்தத்தில் ஏறக்குறைய அந்த அளவு குறைகிறது, மேலே சொன்ன கணக்கில் நாலு மடங்கு நேரம். அறைக்குள் சுவரில் பட்டு வருவதும் சேரும் என்பதால் முழுப் பலன் கிடைக்காது. கிரனாதா நகரின் சாக்ரோமோந்தே குகைகளில் நிகழ்ச்சி என்றால் இன்னும் மோசம். வெள்ளையடித்த வளைந்த கூரை, கை எட்டும் தூரத்தில் பார்வையாளர்கள், சத்தம் போக இடமே இல்லை.

நடனப் பள்ளிகளில் கிட்டார்காரரை வழக்கமாக மூலையில்தான் உட்கார வைப்பார்கள். ஒரு பக்கம் கண்ணாடி, ஒரு பக்கம் சுவர், இரண்டும் திருப்பி அடிக்கும். மூலையை விட்டு வெளியே வாருங்கள். ஒத்திகையில் பால்மாஸ் சோர்தாஸ் போதும் என்று கேட்டுப் பாருங்கள். உள்ளங்கையைக் குவித்துத் தட்டும் அந்த மொத்தையான தட்டு காம்பாஸைப் பிடிக்கத் தாராளம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

படி 3: பிளக் வாங்குவது

மஞ்சள் ஸ்பாஞ்ச் பிளக் வேண்டாம். தொழிற்சாலைக்கு அது நல்லது. இசைக்கு, மேல் சுருதிகளைத்தான் அதிகமாக விழுங்கிவிடும். சைப்ரஸ் மரக் கிட்டாரின் அந்த வறண்ட, கூர்மையான ஓசை போர்வைக்குள் இருந்து வருவது மாதிரி ஆகிவிடும். இசைக்கலைஞர்களுக்கென்று செய்த, எல்லாச் சுருதியையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கிற பிளக் வேண்டும். ஆரம்பத்துக்கு எடிமோட்டிக் ஈஆர்20எக்ஸ்எஸ் போதும். வாரத்தில் பல நாள் வாசிக்கிறவர் என்றால் காது அச்சு எடுத்துச் செய்து கொடுக்கும் பிளக்குக்கே போய்விடுங்கள். அதில் 9, 15, 25 டெசிபல் என்று ஃபில்டர் மாற்றலாம்.

என் கருத்து: 25ஐ வாங்காதீர்கள். நிறையக் குறைத்தால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் பாடகர் குரல் கேட்காமல் இடையில் கழற்றிவிடுவீர்கள். 30 டெசிபல் தடுக்கும் பிளக்கைப் பாதி நேரம் கழற்றி வைத்தால் மொத்தத்தில் கிடைக்கும் பாதுகாப்பு சுமார் 3 டெசிபல்தான். முழு நேரமும் காதில் இருக்கும் 9 டெசிபல் அதைவிட எவ்வளவோ மேல். 94 டெசிபல் வகுப்புக்கு 15 போட்டால் 79க்கு வந்துவிடுவீர்கள், அதற்கு மேல் என்ன வேண்டும்?

படி 4: மாட்டுவது

எதிர்க்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னும் இழுத்துப் பிடித்து, பிளக்கை நிதானமாகத் திருகி உள்ளே விடுங்கள். வாயை மூடி ‘ம்ம்’ என்று முனகினால் இரண்டு காதிலும் ஒரே மாதிரி கேட்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் லேசாகக் கேட்டால் அந்தப் பக்கம் சரியாக அடைக்கவில்லை. கழற்றும்போது வெடுக்கென்று இழுக்காமல் திருகி எடுங்கள்.

படி 5: பிளக்கோடு வாசிக்கப் பழகுவது

பெரும்பாலானோர் பிளக்கைத் தூக்கி எறிவது இங்கேதான். எனக்கும் இதைத் தாண்டத்தான் அதிக நாள் பிடித்தது, அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

காதை அடைத்தால் வெளிச்சத்தம் குறையும், ஆனால் எலும்பு வழியாக வரும் உங்கள் சொந்தச் சத்தம் கூடும். கிட்டார் நெஞ்சில் சாய்ந்திருக்கிறது, கால் தளத்தில் தட்டுகிறது, இடையில் நீங்களே “ஓலே” என்று கத்துகிறீர்கள். எல்லாம் மண்டைக்குள் கும் கும் என்று ஒலிக்கும். கோல்பே தட்டினால் யாரோ கதவைத் தட்டுவது போல இருக்கும். பிளக் மேலோட்டமாக இருந்தால் இது இன்னும் மோசம். காதுக்குழாயின் உட்பகுதி, அதாவது எலும்பு ஆரம்பிக்கிற இடம்வரை போய் அடைத்தால் பெருமளவு குறையும். அச்சு எடுக்கும்போதே “உள்பகுதியை நீளமாக வையுங்கள்” என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் குட்டையாகச் செய்துவிடுவார்கள்.

அடுத்தது கை. நகம் படும் ஓசை மங்கலாகக் கேட்பதால் வலது கை தானாகவே ஓங்கி அடிக்க ஆரம்பிக்கும். ரஸ்கியாதோவில் நகம் உடையும், முன்னங்கை இறுகும், டோன் கரடுமுரடாகும். இதற்கு நான் செய்த வழி: ஒரே ஃபால்செதாவை (கிட்டார் தனியாக வாசிக்கும் சிறு பகுதி) பிளக் இல்லாமல் ஒரு முறை, பிளக்கோடு ஒரு முறை, போனை அதே இடத்தில் வைத்துப் பதிவு செய்து கேட்பது. இரண்டாவது பதிவு சத்தமாக இருந்தால் கை ஏமாந்திருக்கிறது. இரண்டும் ஒன்று போலக் கேட்கும்வரை வீட்டிலேயே செய்யுங்கள், முதல்முறையாக மேடையில் மாட்டிக்கொண்டு போகாதீர்கள்.

காம்பாஸ் தவறிவிடுமே என்ற பயம் வேண்டாம். நடனத்துக்கு வாசிப்பவர் பாதி வேலையைக் கண்ணால்தான் செய்கிறார். யமாதா, அதாவது ஆடுபவர் அடுத்த பகுதிக்குப் போகத் தரும் சைகை, வருவதை ஆடுபவரின் தோளும் இடுப்புமே சொல்லிவிடும். பாட்டுக்குத்தான் கஷ்டம். தராந்தா என்கிற பாடல் வகை மாதிரி தாளக்கட்டு இல்லாதவற்றில் பாடகர் மூச்சு இழுப்பதைக் கேட்டுத்தான் அடுத்த இடத்துக்குப் போக முடியும். அந்தப் பாடல்களில் கைதட்டும் இல்லை, காலடியும் இல்லை. அங்கே மட்டும் கழற்றி வைப்பதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது.

படி 6: ஆடியோகிராம்

ஆடியோகிராம் என்பது எந்தச் சுருதி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் காது சோதனை வரைபடம். இப்போதே ஒன்று எடுத்து வையுங்கள், பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க அடிப்படை வேண்டும். முந்தைய இரவிலிருந்து சத்தத்தில் இருக்காதீர்கள். 3000, 6000 ஹெர்ட்ஸிலும் சோதிக்கச் சொல்லுங்கள், சில இடங்களில் அவற்றைத் தாண்டிப் போய்விடுவார்கள். சத்தத்தால் வரும் சேதம் முதலில் தெரிவது பெரும்பாலும் 3000 முதல் 6000 வரைதான். உட்காதின் நுண்மயிர் செல்கள் செத்தால் மனிதர்களுக்குத் திரும்ப முளைப்பதில்லை. ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் இதையெல்லாம் படித்துக்கொண்டிருக்காமல் அன்றே காது டாக்டரிடம் போங்கள்.

பின்சேர்க்கை: கைதட்டுபவர் இருக்கும் பக்கத்துக் காதில் மட்டும் பிளக் போட்டால் போதாதா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். போட்டுப் பார்த்தேன், பாடகர் எந்தப் பக்கம் இருக்கிறார் என்றே குழம்புகிறது. அச்சு பிளக் என்றால் அந்தப் பக்கம் 15, மறுபக்கம் 9 ஃபில்டர் போடுங்கள், சீக்கிரம் பழகிவிடும்.

இன்னொன்று: பிளக்கைக் கழுவும்போது ஃபில்டரைக் கழற்றிவிட்டுக் கழுவுங்கள். ஃபில்டருக்குள் தண்ணீர் போனால் அந்தக் காது மட்டும் மந்தமாகக் கேட்கும், கிட்டாரில்தான் ஏதோ கோளாறு என்று ஸ்டிரிங்கை மாற்றிக்கொண்டிருப்பீர்கள். ஒரு வாசகருக்கு அப்படித்தான் ஒரு புது செட் ஸ்டிரிங் வீணானது.