டிசம்பரில் ஊருக்குப் போகிறவர்களுக்கு: உடம்புக்கும் சில நாட்களை ஒதுக்குங்கள்

ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் எங்கிருந்து யாழ்ப்பாணம் போனாலும், பெட்டிக்குள் என்ன வைப்பது என்று ஒரு மாதத்துக்கு முன்பே யோசிக்கத் தொடங்கிவிடுவோம். போய் நிற்கும் நாட்களுக்குள் என்ன வைப்பது என்று யோசிப்பவர்கள் குறைவு. மூன்று கிழமை லீவுக்குள் சொந்தக்காரர் வீடு எல்லாம், இரண்டு கலியாணம், ஒரு அந்தியேட்டி, நயினாதீவு, திருக்கேதீச்சரம், போதாததற்குத் திருகோணமலை. ஊரில் வருத்தம் வந்தால் தண்ணீரையும் நுளம்பையும் குறை சொல்கிறோம். அவற்றுக்கும் பங்கு உண்டுதான். ஆனால் நித்திரை இல்லாமல் களைத்துக் கிடக்கிற உடம்பில் எந்த வருத்தமும் லேசாகப் பிடித்துக்கொள்ளும். அதனால் மருந்துப் பெட்டிக்கு முன் கலண்டரை எடுப்போம்.

குளிர்காலத்தில் இலங்கை நேரம் லண்டனைவிட 5½ மணித்தியாலமும் ரொறன்ரோவைவிட 10½ மணித்தியாலமும் முன்னால் நிற்கிறது. உடம்பு ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மணித்தியாலம்தான் ஈடுகொடுக்கும். கனடாவிலிருந்து போகிறவருக்கு முதல் கிழமை முழுவதும் அரை நித்திரைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் ஒரு வீட்டுக்கும் போகாதீர்கள். காலை வெயிலில் முற்றத்தில் நில்லுங்கள், பகலில் அரை மணித்தியாலத்துக்கு மேல் படுக்காதீர்கள், இரவில் ஊரோடு சேர்ந்து படுங்கள்.

கட்டுநாயக்காவில் இறங்கியதும் இரவோடு இரவாக வாகனத்தில் ஏறி யாழ்ப்பாணம் ஓடுவது எனக்குத் துளியும் பிடிக்காத பழக்கம். கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர், ஏழெட்டு மணித்தியாலம். உங்களைக் கூட்டிப்போக வந்த தம்பி அன்று காலைதான் யாழ்ப்பாணத்தில் இருந்து ஓடி வந்திருப்பார். அவருக்கும் நித்திரை இல்லை. நீர்கொழும்பில் ஒரு இரவு தங்கி, விடிந்தபின் வெளிக்கிடுங்கள். அறைக் காசு போனால் போகட்டும். நீண்ட விமானப் பயணத்துக்கு மேல் வாகனத்திலும் அப்படியே குந்தியிருந்தால் காலில் இரத்தம் கட்டும் ஆபத்தும் கூடும். வயதானவர்களும் கர்ப்பிணிகளும் வழியில் இறங்கிக் கொஞ்சம் நடக்க வேண்டும்.

சரி, இனி வீடுகள். 'அவை வீட்டுக்குப் போனவை, எங்கட வீட்டை எட்டியும் பார்க்கேல்லை' என்ற கதைக்குப் பயந்துதான் பாதிப் பேர் ஓடித் திரிகிறோம். இதற்கு ஒரு வழி உண்டு. நடமாட முடியாத முதியவர்களின் வீடுகளுக்கு நீங்களே போங்கள், அதில் கணக்குப் பார்க்க வேண்டாம். மற்ற எல்லோரையும் ஒருநாள் நீங்கள் நிற்கிற வீட்டுக்குக் கூப்பிட்டு, சமையலுக்கு ஆள் பிடித்துச் சாப்பாடு கொடுங்கள். ஒரே பந்தலில் எல்லோரையும் கண்டதாகவும் இருக்கும், யாரிடம் முதலில் போனது என்ற வழக்கும் வராது. மிச்ச நாட்களில் ஒரு நாளைக்கு இரண்டு வீடு போதும். கணவன் ஊர் ஒன்று, மனைவி ஊர் வேறொன்று என்றால் நாட்களைப் பிரிக்கும் பேச்சை விமானம் ஏறமுன் முடித்துவிடுங்கள். அங்கே போய்ப் பேசினால் அது சண்டையில்தான் முடியும்.

சாப்பாட்டை மறுப்பதற்கும் ஒரு நேரம் இருக்கிறது. தட்டு முன்னால் வந்தபிறகு வேண்டாம் என்றால் மாமிக்கு மனம் நோகும். முதல் நாளே போன் எடுத்து, "மாமி, நாங்கள் நாலு மணிக்கு வருவம், தேத்தண்ணி மட்டும் போதும், எனக்குச் சீனி போடாதேங்கோ" என்று சொன்னால் அவருக்கும் வேலை மிச்சம். ஒரு பின்னேரத்தில் மூன்று வீடு ஏறினால் மூன்று சீனித் தேத்தண்ணி, அதோடு ரோல்ஸ், கேக், பயற்றம் பணியாரம். சீனி வருத்தம் உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது முதலில் இந்தச் சில்லறைத் தீனியைத்தான். குத்தரிசிச் சோறும் மீன்குழம்பும் அதற்குப் பிறகு. பனங்கட்டி ஒன்றும் செய்யாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அதுவும் சீனிதான். ஒடியல் கூழை விட்டுவிட்டு வரச் சொல்ல எனக்கு மனமில்லை. நண்டும் றாலும் புதிதாக வாங்கி, பகலில் காய்ச்சி, சூட்டோடு குடியுங்கள். கலியாண வீட்டில் மணிக்கணக்காகத் திறந்து கிடந்த சாப்பாடு, பச்சைச் சலாது, எந்தத் தண்ணீரில் செய்தது என்று தெரியாத ஐஸ், இந்த மூன்றையும் தவிர்த்தாலே வயிறு பெரும்பாலும் தப்பும்.

'நான் இந்தத் தண்ணி குடித்து வளர்ந்தவன்' என்ற வீறாப்பு வேண்டாம். இருபது முப்பது வருசம் வெளியில் இருந்த குடலுக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போயிருக்கும். குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. குடிப்பது அநேகமாகக் கிணற்றுத் தண்ணீர்தான். கீழே சுண்ணாம்புக்கல், மேலே விழுவது சீக்கிரம் உள்ளே இறங்கிவிடும். மலசலகூடக் குழிக்குக் கிட்டவே கிணறு இருக்கும் வளவுகள் நிறைய. தோட்டத்து உரத்தால் நைத்திரேற்று கூடிய கிணறுகளும் உண்டு. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஆனால் நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். கைக்குழந்தைக்குப் பால்மா கரைப்பதாக இருந்தால் நம்பகமான போத்தல் தண்ணீரை எடுத்துக் கொதிக்க வைத்துக் கரையுங்கள். வயிற்றோட்டம் தொடங்கினால் ஜீவனி (தண்ணீரில் கரைக்கும் உப்பு, சீனித் தூள்) வாங்கிக் கரைத்துக் குடியுங்கள், எந்த பாமசியிலும் கிடைக்கும். இரத்தம் போனாலோ கடுங்காய்ச்சல் சேர்ந்தாலோ வைத்தியரிடம் போக வேண்டும்.

தடுப்பூசிக்கு ஒன்றரை, இரண்டு மாதம் முன்பே குடும்ப வைத்தியரைப் பாருங்கள். நெருப்புக்காய்ச்சல் (ரைபோயிட்), ஹெப்பற்றைற்றிஸ் ஏ, ஏற்பு (ரெற்றனஸ்) ஊசி ஆகியவற்றைக் கேளுங்கள். மலேரியாக் குளிசை தேவையில்லை. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடாக அறிவித்துவிட்டது. வழமையான மருந்துகளைச் சில நாளுக்குக் கூடுதலாகவே எடுத்து, மருந்துச் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். இன்சுலினைப் பெரிய பெட்டிக்குள் போட்டால் விமானத்தின் அடியில் உறைந்து கெட்டுவிடக் கூடும். நேர மாற்றத்துக்கு ஊசியை எப்படி மாற்றுவது என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். திருவெம்பாவைக்கு விரதம் இருக்கும் அம்மாமாருக்கும் இதே பேச்சு: வெறும் வயிற்றில் சீனிக் குளிசை போட்டு மயங்கி விழுந்தால் விரதம் ஆஸ்பத்திரியில்தான் முடியும்.

இனி டெங்கு. ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பிறகு, அதாவது நாங்கள் போய் இறங்கும் அதே நாட்களில்தான், வடக்கில் அது தலைதூக்கும். இந்த நுளம்பு பகலில் கடிப்பது, காலையிலும் பொழுதுபடுமுன்னும் கூடுதலாக. இரவில் வலை கட்டிப் படுத்துவிட்டுப் பகலில் அரைக் காற்சட்டையோடு வாழைக்குள் நின்றால் என்ன பயன்? நுளம்பு மருந்தைக் காலையிலேயே பூசுங்கள். வளவில் சிரட்டை, பூச்சாடித் தட்டு, பழைய டயர் எங்கே தண்ணீர் நிற்கிறது என்று பார்த்துக் கவிழ்த்துவிடுங்கள். பிள்ளைகளுக்கு நல்ல வேலை அது.

காய்ச்சல் வந்தால் பனடோல் மட்டும். அட்வில், நியூரோஃபென், அஸ்பிரின் வேண்டாம், அவை இரத்தக்கசிவைக் கூட்டும். இதயத்துக்கு அஸ்பிரின் எடுப்பவர்கள் வைத்தியரைக் கேட்டுத்தான் எதையும் செய்ய வேண்டும். கனடாவில் இருந்து கொண்டுபோகும் டைலனோலும் பனடோலும் ஒரே மருந்து, இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஈரலுக்குக் கேடு. இரண்டு நாளில் காய்ச்சல் விடாவிட்டால் இரத்தம் சோதியுங்கள். பலர் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது: மூன்றாம் நாளுக்குப் பிறகு காய்ச்சல் இறங்கியதும் சுகம் என்று நினைத்து அடுத்த பயணத்துக்கு வெளிக்கிடுவார்கள். டெங்குவில் ஆபத்தான கட்டம் அப்போதுதான் தொடங்கக்கூடும். வயிற்றைப் பிசையும் நோ, விடாத சத்தி, முரசில் இரத்தம், அந்தரப்படுதல், இதில் ஒன்று தெரிந்தாலும் ஆஸ்பத்திரி. யாழ் போதனா வைத்தியசாலையிலும், தெல்லிப்பழை, பருத்தித்துறை, சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைகளிலும் டெங்கு பார்த்துப் பழகிய வைத்தியர்கள் இருக்கிறார்கள். அரச ஆஸ்பத்திரி என்று முகத்தைச் சுளிக்க வேண்டாம். அவசரத்துக்கு 1990 அடித்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

வெள்ளம் நிற்கும் வயலிலும் ஒழுங்கையிலும் வெறுங்காலோடு இறங்காதீர்கள். எலியின் சிறுநீர் கலந்த அந்தத் தண்ணீரால் தொற்றுவதுதான் எலிக்காய்ச்சல். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் அது பரவி உயிர்களும் போயின. நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், விசர்நாய்க்கடி ஊசியை நாளைக்குத் தள்ள முடியாது. இரவில் வளவுக்குள் நடக்க ரோர்ச் வேண்டும். புடையன் பாம்பு கடிப்பது அங்கே புதினமில்லை. கட்டுப்போட்டு வெட்டி உறிஞ்சும் வேலை எல்லாம் விட்டுவிட்டு, கடிபட்டவரை அசையவிடாமல் நேரே கொண்டுபோங்கள்.

மனதைப் பற்றியும் கொஞ்சம். 'என்ன இப்பிடி மெலிஞ்சு போனாய்', 'கொழுத்திட்டாய்', 'எப்ப கலியாணம்' என்ற விசாரிப்புகளைச் சிரித்துக் கடந்துவிடலாம். கடினமானவை வேறு. சண்டை நேரம் விட்டுப்போன வீட்டின் அத்திவாரத்தில் பற்றை மண்டிக் கிடப்பதைப் பார்ப்பது, யாருடைய செத்தவீட்டுக்கு நாங்கள் வரமுடியாமல் போனதோ அவர்களின் படங்களுக்கு முன்னால் நிற்பது, இதெல்லாம் மதியச் சாப்பாட்டுக்கும் பின்னேரக் கோயிலுக்கும் இடையில் செய்துவிட்டு வருகிற காரியங்கள் இல்லை. அப்படியான இடத்துக்குப் போகும் நாளில் வேறு ஒன்றும் வைக்காதீர்கள். தனியாகவும் போகாதீர்கள். அன்றிரவு போத்தலோடு நண்பர்கள் வருகிறார்கள் என்றால் இன்னொரு நாள் பார்க்கலாம் என்று சொல்லுங்கள். காணிப் பிரச்சினையும் காசு கேட்கும் கதையும் வரும். கொடுக்கக்கூடிய தொகையைப் போகமுன்பே வீட்டில் பேசி முடித்திருந்தால் அங்கே குற்ற உணர்வில் வாக்குக் கொடுக்கத் தேவையில்லை.

பிள்ளைகளுக்கும் நாட்களில் ஒரு பங்கு வேண்டும். 'தமிழ் தெரியாதோ' என்று எட்டு வீட்டில் கேட்டால் ஒன்பதாவது வீட்டில் வாகனத்தை விட்டு இறங்கமாட்டார்கள். அதில் பிழை பிடிக்க எனக்கு ஒன்றும் இல்லை. மச்சான் மச்சாள்மாரோடு சைக்கிள் ஓட விடுங்கள். காரைநகர் கசூரினாக் கடற்கரை ஆழம் குறைந்தது, ஆனாலும் மாரிக் கடல் என்பதால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். கட்டில்லாத கிணறுகள் எங்கே என்று முதல் நாளே காட்டிவிடுங்கள்.

திரும்பி வந்து அடுத்த நாளே வேலைக்குப் போகும்படி ரிக்கெற் போடாதீர்கள், இரண்டு நாளாவது விடுங்கள். வந்து இரண்டு கிழமைக்குள் காய்ச்சல் வந்தால் சாதாரண தடிமன் என்று இருந்துவிடாமல், இலங்கை போய் வந்ததையும் எந்த நாட்களில் அங்கே நின்றீர்கள் என்பதையும் வைத்தியரிடம் முதல் வசனமாகச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அவருக்கு டெங்குவோ நெருப்புக்காய்ச்சலோ நினைவில் வராது.