பார்வைக்கு அழகு, பழக்கத்தில் பசுமை: நகரத்து வீடுகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பசுமை வாழ்க்கைக்கு மாறுவது என்று முடிவெடுத்ததும் பல வீடுகளில் முதலில் நடப்பது ஷாப்பிங்தான். மூங்கில் பிரஷ் வருகிறது, சணல் கூடை வருகிறது. சமையலறையில் இருந்த பிளாஸ்டிக் டப்பாக்கள் மொத்தமாக வெளியே போகின்றன. அந்த இடத்தில் ஒரே உயரத்தில், ஒரே மூடியோடு கண்ணாடி ஜாடிகள் வரிசை கட்டி நிற்கின்றன. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பழைய டப்பாவைச் செய்ய ஆன எண்ணெயும் மின்சாரமும் எப்போதோ செலவாகிவிட்டன. இன்னும் பத்து வருஷம் துவரம்பருப்பு தாங்கக்கூடிய டப்பாவைத் தூக்கிப் போட்டால் அந்தச் செலவு வீண். புது ஜாடிக்காகச் சூளையில் எரிந்த எரிபொருள் அதற்கு மேல் சேரும்.

பிளாஸ்டிக் டப்பாவில் சூடான பண்டம், எண்ணெய், ஊறுகாய் வைக்கக்கூடாது. பருப்பும் ரவையும் அதிலேயே இருக்கட்டும். விரிசல் விட்டதை மட்டும் காயலான் கடைக்குக் கொடுத்துவிட்டு, அந்த ஓர் இடத்துக்கு எவர்சில்வர் சம்படமோ காலியான ஹார்லிக்ஸ் பாட்டிலோ வைத்தால் போதும். பாட்டில் லேபிளை உரிக்க வெந்நீரில் அரை மணி ஊறவைத்து, மிஞ்சும் பசையின் மேல் சமையல் எண்ணெயும் சமையல் சோடாவும் குழைத்துத் தேய்த்தால் சுத்தமாகப் போய்விடும். கண்ணில் படும் தட்டில் கண்ணாடி, கதவு போட்ட தட்டில் பழைய டப்பா என்று பிரித்து வைத்தால் சமையலறையின் தோற்றமும் கெடாது.

குவியும் துணிப்பைகள்

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. அதன்பின் கல்யாணம், கருத்தரங்கு, கடைத் திறப்பு எல்லாவற்றிலும் துணிப்பை கொடுக்கிறார்கள். விளைவு, பல வீட்டு அலமாரிகளில் இருபது முப்பது பைகள் மடிப்பு கலையாமல் கிடக்கின்றன.

பருத்திக்குத் தண்ணீரும் உரமும் நிறையவே வேண்டும். பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட ஆய்வில், புவி வெப்பமாதல் என்ற ஒரே அளவுகோலில், ஒரே ஒருமுறை பயன்படுத்திய மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு ஈடுகட்ட ஒரு பருத்திப்பையை 131 தடவை பயன்படுத்த வேண்டும் என்று கணக்கிட்டார்கள். வாரம் இரண்டு முறை கடைக்குப் போனால் அது ஒன்றேகால் வருஷம். இதைச் சொல்லி பிளாஸ்டிக் பைக்குத் திரும்ப வேண்டியதில்லை. சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் மிதக்கும் பையும் மாட்டின் வயிற்றில் சிக்கும் பையும் அந்தக் கணக்கில் வரவில்லை. ஒரு குடும்பத்துக்கு நாலைந்து பைகள் தாராளம். அவற்றை நைந்து போகும்வரை ஓட்ட வேண்டும். வண்டிப் பெட்டியில் ஒன்று, ஆபீஸ் பையில் ஒன்று, வாசல் ஆணியில் ஒன்று என்று இடம் குறித்துவிட்டால் மறந்துபோய் இன்னொன்று வாங்கும் வேலை வராது. புதிதாக யாராவது நீட்டினால் வேண்டாம் என்று சொல்வதும் பசுமைதான்.

துணி போலவே தோன்றும் 'நான்வோவன்' பை பாலிப்ரொப்பிலீன், அதாவது பிளாஸ்டிக். இதுவும் அந்தத் தடைப் பட்டியலில் இருப்பதுதான். ஓரத்தைப் பிரித்துப் பாருங்கள். நூல் உருவ வராது, பரப்பெங்கும் அச்சில் அழுத்தியது போன்ற சின்னப் புள்ளிகள் தெரியும். சில மாதம் வெயில் பட்டால் பொடியாக உதிர்ந்து, பொறுக்கவே முடியாத துகளாகிவிடும்.

உடையில் சறுக்கும் இடங்கள்

'மூங்கில் துணி' என்ற சீட்டைப் பார்த்து அதிக விலை கொடுப்பவர்கள் நிறைய. கடையில் கிடைக்கும் மூங்கில் துணியில் பெரும்பகுதி விஸ்கோஸ். மூங்கிலைக் காஸ்டிக் சோடாவிலும் கார்பன் டைசல்பைடிலும் கரைத்துக் கூழாக்கி இழுத்த நூல் அது. ஆலைத் தொழிலாளியின் நரம்பு மண்டலத்தைக் கெடுக்கக்கூடிய ரசாயனம் கார்பன் டைசல்பைடு. மரக்கூழில் செய்த வழவழப்பான துணிதான் வேண்டும் என்றால் 'லையோசெல்' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதில் கரைப்பானை ஏறக்குறைய முழுவதும் மீட்டுத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள்.

'ஆர்கானிக் காட்டன்' என்ற சொல் மட்டும் இருந்தால் அது பஞ்சு விளைந்த விதத்தைத்தான் சொல்கிறது. சாயம் வேறு கதை. நொய்யல் ஆறு கெட்டது பஞ்சால் அல்ல, சாயக்கழிவால். 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன அளவுக்குப் போனது. ஜி.ஓ.டி.எஸ். என்ற சர்வதேச ஆர்கானிக் துணித் தரமுத்திரை சாயமேற்றுதலையும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பையும் சேர்த்துப் பார்க்கிறது. இரண்டில் ஒன்று எடுப்பதானால் அந்த முத்திரை உள்ளதை எடுங்கள்.

கைத்தறி என்று விசைத்தறித் துணியை விற்பது சர்வசாதாரணம். ஓரத்தில் ஊசித் துளை இருந்தால் கைத்தறி என்று சொல்வார்கள். அதை மட்டும் நம்பக்கூடாது, விசைத்தறித் துணியிலும் அந்தத் தடம் விழும். கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், அல்லது கோ-ஆப்டெக்ஸ், நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் போன்ற இடங்களில் வாங்குங்கள். நூல் பருத்திதானா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். உள்மடிப்பிலிருந்து இரண்டு இழை உருவி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியஸ்டர் சுருங்கி உருகி, ஆறியதும் கெட்டி மணியாக நிற்கும்.

வாங்குவதைவிடப் பராமரிப்பில்தான் கைத்தறி அதிகம் பாழாகிறது. சாயம் நிற்கும் என்று நம்பி கண்டாங்கியையும் சுங்குடியையும் உப்புத் தண்ணீரில் மணிக்கணக்கில் ஊறவைப்பார்கள். நேரம் ஆக ஆக, ஒட்டாமல் நின்ற சாயம் தண்ணீரில் இறங்கி, வெளிர் பகுதியில் போய்ப் படிந்துவிடும். முதல் மூன்று நான்கு சலவைக்குத் தனியாக, பச்சைத் தண்ணீரில், ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஊறாமல் அலசி, உள்பக்கம் வெளியே வரும்படி நிழலில் உலர்த்துங்கள். கஞ்சி கெட்டியாகப் போட்டால் மடிப்பில் நூல் முறியும். ஒரு புடவைக்கு ஒரு டம்ளர் வடிகஞ்சியை மெல்லிய துணியில் வடிகட்டி அரை வாளித் தண்ணீரில் கலந்தால் போதும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் கஞ்சி போட்ட துணியை பீரோவில் வைக்கக்கூடாது. பூஞ்சணம் பிடிக்கும், மாவுக்குப் பூச்சி வரும். மழைக்காலத்துக்கு முன் கஞ்சியை அலசிவிட்டு அடுக்குங்கள்.

இப்படிப் பார்த்துக்கொண்டால் ஒரு புடவை இருபது வருஷம் வரும். அதன்பின் உடல் நைந்தாலும் முந்தி நைவதில்லை. அந்த முந்தியில் குஷன் உறை, நல்ல பகுதியில் ஜன்னல் திரை தைத்துக்கொள்ளலாம். பவானி ஜமக்காளமும் பத்தமடைப் பாயும் விரித்த கூடத்தில் இப்படி ஒரு திரை தொங்கினால், கடையில் வாங்கும் எந்த 'எகோ' அலங்காரமும் பக்கத்தில் நிற்காது.

மக்கும் என்று எழுதியிருந்தால் மட்டும் மக்கிவிடாது

பி.எல்.ஏ. என்ற சோளமாவுப் பிளாஸ்டிக்கில் செய்த கப்பும் ஸ்பூனும் மக்குவதற்கு ஏறக்குறைய 60 டிகிரி சூடு தொடர்ந்து கிடைக்கும் தொழிற்சாலைக் குவியல் வேண்டும். பால்கனி வாளியில் அந்தச் சூடு வராது. மறுசுழற்சிப் பிளாஸ்டிக்கோடு கலந்தால் அதையும் கெடுக்கும். பேப்பர் கப்பின் உள்ளே பாலித்தீன் பூச்சு இருக்கிறது. வீட்டு விசேஷத்துக்கு வாழையிலை, பாக்குமட்டைத் தட்டு, வாடகை எவர்சில்வர் டம்ளர் ஆகிய மூன்றும் எந்தத் தெருவிலும் கிடைக்கும். பந்தியில் வைத்தால் அழகும் குறையாது.

பால்கனி உரம் ஏன் நாறுகிறது

உரம் போட ஆரம்பித்துக் கைவிட்ட வீடுகளில் பெரும்பாலும் ஒரே ஒரு வாளிதான் இருக்கும். மூன்று நான்கு பேர் இருக்கும் வீட்டில் 20 லிட்டர் பெயின்ட் வாளி ஏறக்குறைய ஒரு மாதத்தில் நிரம்பும். நிரம்பியது உரமாக இன்னும் 45 முதல் 60 நாள் ஆகும். அதனால் மூன்று வாளி வேண்டும்: ஒன்று நிரம்ப, இரண்டு முதிர. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மேலே மேலே கொட்டினால் அடியில் பாதி மக்கியது, மேலே பச்சைக் காய்த்தோல் என்று எப்போதும் எடுக்க முடியாத நிலையிலேயே இருக்கும்.

அடியில் எட்டுப் பத்துத் துளை, பக்கவாட்டில் சுற்றிலும் துளை, கீழே வடியும் நீருக்கு ஒரு தட்டு. வாளியின் அடியில் இரண்டு அங்குலத்துக்குத் தேங்காய் மட்டைத் துண்டோ சருகோ போட வேண்டும். தினமும் கழிவை ஓர் அங்குலத் துண்டாக நறுக்கிப் போட்டு, ஒரு கிண்ணம் கழிவுக்கு ஒரு கிண்ணம் சருகு அல்லது தென்னை நார்க்கழிவு என்று மேலே மூடுங்கள். பலரும் விடுவது இந்த மூடலைத்தான். கழிவில் ஈரமும் நைட்ரஜனும் இருக்கின்றன. கார்பனும் காற்றும் சருகிலிருந்துதான் வர வேண்டும். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை கிளறுங்கள். தொடக்கத்தில் ஒரு கரண்டி புளித்த மோர் தெளித்தால் வேலை சீக்கிரம் பிடிக்கும்.

அழுகிய முட்டை வாசனை வந்தால் உள்ளே காற்று இல்லை. கிளறி, சருகு சேருங்கள். மூக்கை எரிக்கும் அம்மோனியா நெடி வந்தால் பச்சைக் கழிவு அதிகம். ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு மட்டும் வர வேண்டும், ஒழுகக்கூடாது. தடித்த சாம்பல் நிறப் புழுக்களைப் பார்த்து வாளியையே தூக்கிப் போடுபவர்கள் உண்டு. அவை ஒருவகைக் கறுப்பு ஈயின் புழுக்கள். கழிவை வேகமாகத் தின்று தீர்த்துவிட்டுத் தானே போய்விடும். சகிக்கவில்லை என்றால் சருகைக் கூட்டுங்கள், குறையும். எண்ணெய் மிதக்கும் குழம்பு, மீன் முள், பளபளப்பான அச்சுக் காகிதம் இதில் வேண்டாம். எலுமிச்சைத் தோலைக் கொஞ்சமாகப் போடலாம். கறுத்து, மண் வாசனை வந்தபின் தொட்டி மண்ணில் கால் பங்கு கலந்தால் சரி. முழுக்க உரத்திலேயே செடி வைத்தால் வேர் வெந்துவிடும்.

சுத்தம் செய்யும் திரவங்கள்

பழத்தோலையும் வெல்லத்தையும் புளிக்கவைத்துச் செய்யும் பயோ-என்சைம் என்ற திரவத்துக்கு அளவு ஒன்றுக்கு மூன்றுக்குப் பத்து. வெல்லம் 100 கிராம், பழத்தோல் 300 கிராம், தண்ணீர் ஒரு லிட்டர். கண்ணாடிப் பாட்டிலில் நிரப்பி இறுக மூடுவது ஆபத்து. வாயு சேர்ந்து வெடிக்கும். இரண்டு லிட்டர் பழைய பிளாஸ்டிக் பாட்டிலில் மேலே இடம் விட்டு ஊற்றி, முதல் மாதம் தினமும் மூடியைத் தளர்த்தி வாயுவை விடுங்கள். மூன்று மாதம் பொறுக்க வேண்டும். இது அமிலம். மார்பிள் தரையில் பட்டால் பாலிஷ் அரித்து வெள்ளைத் தடம் விழும், அதைத் துடைத்து எடுக்க முடியாது. பிளீச்சிங் பவுடரோடு இதையோ வினிகரையோ ஒருபோதும் கலக்கக்கூடாது, குளோரின் வாயு வரும். வினிகரும் சமையல் சோடாவும் சேர்த்து நுரை பொங்குவதைப் பார்த்துச் சுத்தமாகிறது என்று நினைப்பதும் தவறு. ஒன்றையொன்று முறித்துக்கொண்டு மிஞ்சுவது பெரும்பாலும் தண்ணீர்தான். தனித்தனியாக இரண்டும் வேலை செய்யும்.

பித்தளைப் பாத்திரம் மீண்டும் அலமாரியில் ஏறியிருக்கிறது, சந்தோஷம். ஈயம் பூசாமல் அதில் புளிக்குழம்பு வைத்தால் செம்பும் துத்தநாகமும் உணவில் இறங்கும். பூச வருபவரிடம் வெள்ளீயம்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். செம்பு பாட்டிலில் தண்ணீர் மட்டும், எலுமிச்சை ஜூஸும் மோரும் கூடாது.

மின்சாரம், தண்ணீர், செடி

ஏசியில் ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் பணியகத்தின் கணக்கு. 20-இல் வைத்துப் போர்வை போர்த்துவதற்குப் பதில் 26-இல் வைத்து ஃபேனைச் சுழலவிடுங்கள். மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு உள்ளே கனமான திரை போட்டால் சூடு கண்ணாடியைத் தாண்டி ஏற்கெனவே உள்ளே வந்திருக்கும். கண்ணாடிக்கு வெளியே மூங்கில் தட்டி கட்டுங்கள். நனைத்த வெட்டிவேர்த் தட்டி மதுரையின் வறண்ட காற்றில் நன்றாகக் குளிர்விக்கும், சென்னையின் ஈரக்காற்றில் அவ்வளவு பலிக்காது. பழைய ஃபேன் 75 வாட், குறைந்த மின்சாரத்தில் ஓடும் பி.எல்.டி.சி. மோட்டார் ஃபேன் 30 வாட் அளவு. தினம் 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாத மின்கட்டணத்தில் ஒரு ஃபேனுக்கு 40 யூனிட் குறையும். எல்லா அறைக்கும் ஒரேயடியாக மாற்ற வேண்டாம். அதிகம் ஓடுவதை முதலில், மற்றவை பழுதானபோது.

ஆர்.ஓ. கழிவுநீரைத் தினமும் செடிக்கு ஊற்றினால் உப்பு சேர்ந்து இலை நுனி கருகும். தரை துடைக்க, கழிப்பறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அறைக்குள் நாலு செடி வைத்தால் காற்று சுத்தமாகும் என்ற நம்பிக்கை 1989-இல் நாசா மூடிய பெட்டிக்குள் செய்த சோதனையிலிருந்து வந்தது. சாதாரண அறையில் ஜன்னலைத் திறப்பதற்கு ஈடாக வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது பத்துச் செடியாவது வேண்டும் என்று பின்னாளில் கணக்கிட்டார்கள். செடியை அழகுக்காக வையுங்கள், ஆனால் தொட்டித் தட்டில் நீர் நிற்கவிடாதீர்கள். டெங்கு கொசுவின் முட்டை தட்டின் ஓரத்தில் காய்ந்தபடியே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வாரம் ஒருமுறை கவிழ்த்து, நாரால் தேய்க்க வேண்டும்.

உலர் குப்பையில் ஒரு சின்ன விஷயம்

பால் பாக்கெட்டின் மூலையைத் தனியாக வெட்டி எடுத்தால் அந்தத் துணுக்கு சாக்கடைக்குத்தான் போகும். அவ்வளவு சின்னதை யாராலும் பொறுக்கிச் சேர்க்க முடியாது. முக்கால்வாசி வெட்டி, மூலை பாக்கெட்டிலேயே தொங்கும்படி விடுங்கள். காலியானதும் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குலுக்கி, அந்தத் தண்ணீரைத் தோசை மாவிலோ செடியிலோ ஊற்றிவிட்டு, ஒருமுறை நன்றாக அலசிக் கொடியில் கிளிப் போட்டு உலர்த்துங்கள். பால் பிசுக்கோடு கட்டி வைத்தால் இரண்டே நாளில் நாற்றம் எடுத்து எறும்பு மொய்க்கும், காயலான் கடைக்காரரும் திருப்பிக் கொடுத்துவிடுவார். காய்ந்து சுத்தமாக இருக்கும் பாக்கெட்டை எடைக்கு எடுத்துக்கொள்வார்.