போனை மேனுவலா அப்டேட் பண்றீங்களா? இந்தத் தப்பையெல்லாம் தவிர்த்துடுங்க

மேனுவலான்னா, அப்டேட் தானா வர்ற வரைக்கும் காத்திருக்காம கம்ப்யூட்டரை வெச்சு நாமளே போன்ல ஏத்துறது. சார்ஜ் போட்டுட்டுப் பண்ணு, வைஃபைல பண்ணு, போன்ல இடம் காலி பண்ணி வை, இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், அதைப் பத்தி இங்க பேசப்போறதில்ல. ஞாயித்துக்கிழமை சிங்கப்பூர் தேக்கா பக்கம் போனா யாராவது ஒரு தம்பி "அண்ணே, அப்டேட் பண்ணேன், எல்லாம் போயிடுச்சு, கொஞ்சம் பாருங்கண்ணே"ன்னு ஹேண்ட்போனை நீட்டுறாங்க. பார்த்தா, இந்த வேலைல பழைய ஆளுங்க எந்த இடத்துல விழுந்து எந்திரிச்சாங்களோ அதே இடத்துலதான் இப்ப வர்றவங்களும் விழுறாங்க. அதுல ஒரு தப்பு மட்டும் எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குக் கோவம் அடங்க மாட்டேங்குது, அதான் அதை முதல்லயே விலாவாரியா சொல்லிடறேன்.

சிஎஸ்சி பட்டன்ல சிஎஸ்சி ஃபைலையே போடுறது

இது சாம்சங் போனுக்கு. கம்ப்யூட்டர்ல ஓடின்ங்கிற சாஃப்ட்வேரை வெச்சு ஃபர்ம்வேர், அதாவது போனோட சிஸ்டம் சாஃப்ட்வேரை ஏத்துறவங்க டவுன்லோட் பண்ணின ஜிப்பைப் பிரிச்சா உள்ள பொதுவா அஞ்சு ஃபைல் இருக்கும்: பிஎல், ஏபி, சிபி, சிஎஸ்சி, அப்புறம் ஹோம் சிஎஸ்சி. ஓடின்ல பிஎல், ஏபி, சிபி, சிஎஸ்சின்னு பட்டன் இருக்கும், ஹோம் சிஎஸ்சின்னு தனியா பட்டன் கிடையாது. அப்ப புதுசா பண்றவன் என்ன செய்வான், பேரு பொருந்துதேன்னு சிஎஸ்சி பட்டன்ல சிஎஸ்சி ஃபைலைப் போட்டுடுவான். அந்த ஃபைல் போன்ல இருக்கிற உங்க டேட்டா முழுசையும் அழிச்சிடும், போட்டோ, மெசேஜ், ஆப் ஒண்ணும் மிஞ்சாது. டேட்டா அப்படியே இருக்கணும்னா அதே சிஎஸ்சி பட்டன்ல ஹோம் சிஎஸ்சி ஃபைலைத்தான் எடுத்துப் போடணும். அவ்வளவுதான் வித்தியாசம், ஒரே ஒரு ஃபைல்.

எனக்குக் கோவம் பண்றவன் மேல இல்ல, "நாலு பட்டன்ல நாலு ஃபைலைப் போட்டு ஸ்டார்ட் அமுக்குங்க"ன்னு ரெண்டு நிமிஷ வீடியோ போட்டு இந்த ஒரு வரியைச் சொல்லாம விடுறவங்க மேலதான்.

துவாஸ்ல வேலை பார்க்கிற ஒரு தம்பி கதையைச் சொல்றேன், ஊரு புதுக்கோட்டை பக்கம், போனும் ஊர்ல வாங்கினது. தங்குற டார்மிட்டரில பக்கத்து பெட்காரருக்கு புது அப்டேட் வந்துடுச்சு, இவருக்கு வரல. சாம்சங் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாதான் அப்டேட் விடும், இந்தியால விக்கிற போனோட கோடு ஐஎன்எஸ், சிங்கப்பூர்ல கடைல பொதுவா விக்கிறதோட கோடு எக்ஸ்எஸ்பி, அதனால ஒருத்தருக்கு முன்ன வரும் ஒருத்தருக்குப் பின்ன வரும், போன்ல கோளாறுன்னு அர்த்தமில்ல. இவரு பொறுக்காம சனிக்கிழமை ராத்திரி ஃப்ரெண்டோட லேப்டாப்ல ஓடின் போட்டு, வீடியோவைப் பார்த்துப் பார்த்து, சிஎஸ்சி ஃபைலை ஏத்திட்டாரு. அப்டேட் என்னவோ சூப்பரா ஏறிடுச்சு, ஆனா போன் "வெல்கம்"னு வந்து நிக்குது.

இதுக்கப்புறம் ஒண்ணு பின்னால ஒண்ணா வந்தது. மொதல்ல போன் பழைய கூகுள் அக்கவுண்ட்டைக் கேக்குது, திருட்டுப் போனை யாரும் ரீசெட் பண்ணி ஓட்டக்கூடாதுன்னு 2015ல ஆண்ட்ராய்ட் 5.1ல வந்த பூட்டு அது. அந்த அக்கவுண்ட்டை போன் வாங்கின அன்னிக்கு கடைக்காரப் பையன்தான் ஓபன் பண்ணிக் குடுத்தான், பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்? எப்படியோ போன் நம்பரை வெச்சு அக்கவுண்ட்டை மீட்டோம். உள்ள போய் வாட்ஸப் பேக்கப்பைத் தேடினா கடைசி பேக்கப் பல மாசத்துக்கு முந்தினது. 2024ல இருந்து ஆண்ட்ராய்ட்ல வாட்ஸப் பேக்கப்பும் கூகுளோட ஃப்ரீ 15 ஜிபி கணக்குல வந்துடுச்சு, அது நிறைஞ்சா பேக்கப் நின்னுடும், இவரோடது நின்னு ரொம்ப நாள் ஆச்சு. குழந்தை பிறந்ததுல இருந்து வீட்டுக்காரம்மா அனுப்பின வாய்ஸ் மெசேஜ் பாதிக்கு மேல அதோட போச்சு.

மூணாவது அடி ஞாயித்துக்கிழமை விழுந்துச்சு. பேங்க் ஆப்பை மறுபடி போட்டாரு, பணம் அனுப்ப ஒப்புதல் குடுக்கிற டிஜிட்டல் டோக்கன் இல்ல. ஏமாத்து வேலையைத் தடுக்கிறதுக்காக 2022ல சிங்கப்பூர் நாணய ஆணையமான எம்ஏஎஸ்ஸும் பேங்க் சங்கமும் சேர்ந்து கொண்டு வந்த ஏற்பாடு இருக்கு, புதுசா டோக்கன் செட் பண்ணினா அது வேலை செய்யக் குறைஞ்சது 12 மணி நேரம் ஆகணும். நல்ல ஏற்பாடுதான், ஆனா ஊருக்குக் காசு அனுப்புற நாள்ல இவரு கையைக் கட்டி உக்கார வேண்டியதாப் போச்சு. அரசாங்கச் சேவைக்கெல்லாம் லாகின் பண்ற சிங்பாஸ் ஆப்பையும் முதல்ல இருந்து செட் பண்ணணும்.

அதுக்கும் மேல ஒரு கடைல "டேட்டா ரிக்கவரி பண்ணித் தரோம், 300 வெள்ளி"ன்னு சொல்லியிருக்காங்க, இவரு குடுக்கப் போயிட்டாரு, நான்தான் தடுத்தேன். இப்ப வர்ற போன்ல டேட்டா எல்லாம் என்க்ரிப்ட் ஆகி, அதாவது ஒரு சாவி போட்டுப் பூட்டினபடிதான் இருக்கும், ரீசெட் பண்ணினா அந்தச் சாவியே அழிஞ்சிடும், பெட்டி இருக்கு சாவியை உருக்கிட்டாங்கங்கிற மாதிரி. அழிஞ்ச போட்டோவை அப்படி யாராலயும் எடுக்க முடியாது, தயவுசெஞ்சு அதுக்குக் காசு குடுக்காதீங்க.

அதனால ஹோம் சிஎஸ்சியைப் போட்டாலும் சரி, தொடங்குறதுக்கு முன்ன வேற ஒரு போன்ல உங்க கூகுள் அக்கவுண்ட்டை ஓபன் பண்ணிப் பாருங்க, பாஸ்வேர்டு ஏத்துக்குதான்னு. வாட்ஸப்ல கடைசி பேக்கப் தேதியைப் பாருங்க. ஊருக்கு அனுப்ப வேண்டிய காசை முதல்ல அனுப்பிடுங்க.

கூகுளோட பிக்சல் போன்லயும் இதே குழி இருக்கு. ஃபேக்டரி இமேஜ்ங்கிற முழு சிஸ்டம் ஃபைலோட வர்ற ஃப்ளாஷ் ஆல் ஸ்கிரிப்ட்டை அப்படியே ஓட்டினா எல்லாம் அழிஞ்சிடும், அதுல மைனஸ் டபிள்யூ (-w)ங்கிறதை எடுத்துட்டு ஓட்டினாத்தான் டேட்டா தங்கும். அதைவிட கூகுள் குடுக்கிற ஓடிஏங்கிற அப்டேட் ஃபைலை, ஏடிபிங்கிற கம்ப்யூட்டர் டூலை வெச்சு சைட்லோட் பண்றது எவ்வளவோ நிம்மதி, போன் ஆன் ஆகும்போது முதல்ல ஓடுற பூட்லோடரையும் தொட வேணாம், டேட்டாவும் அழியாது.

ஓடின் தொங்கிடுச்சுன்னு மூடுறது

ஏபி ஃபைல் பல ஜிபி, அதை ஓடின் செக் பண்ணிட்டு இருக்கு, அதான் அசையாம நிக்குது. மூடாம காத்திருங்க.

பிடிக்கலைன்னா பழைய வெர்ஷனுக்குப் போயிடலாம்னு நம்புறது

எல்லா நேரமும் முடியாது. சாம்சங் பில்டு நம்பர்ல கடைசில இருந்து அஞ்சாவது எழுத்தைப் பாருங்க, அதுதான் பூட்லோடர் வெர்ஷன். போன்ல இருக்கிறதைவிட அது கம்மியா இருக்கிற ஃபர்ம்வேரை ஏத்தினா போன் ஏத்துக்காது, ஃபெயில்னு நிக்கும். கூகுளும் 2022 ஆகஸ்ட்ல ஆண்ட்ராய்ட் 13 விட்டப்ப பிக்சல் 6, 6 ப்ரோ, 6ஏ மூணுலயும் திரும்பி 12க்குப் போற வழியை அடைச்சிட்டாங்க. ஏத்துறதுக்கு முன்னாடியே யோசிச்சுக்கோங்க.

தேவையே இல்லாம பூட்லோடர் அன்லாக் பண்றது

சாம்சங்கோட ஒரிஜினல் ஃபர்ம்வேரை ஓடின்ல ஏத்த அன்லாக் தேவையே இல்ல, இதைத் தெரியாமலே நிறைய பேரு முதல் வேலையா அதைப் பண்ணிடறாங்க. அன்லாக் பண்ணும்போதே டேட்டா போயிடும். அப்புறம் கஸ்டம் ஃபைல், அதாவது சாம்சங் குடுக்காத ஃபைல் ஏதாவது ஏத்தினா நாக்ஸ்ங்கிற சாம்சங்கோட பாதுகாப்பு போயிடும், உள்ள ஒரு ஃப்யூஸ் எரிஞ்ச கணக்கு, என்ன பண்ணாலும் திரும்ப வராது, ரகசிய ஃபைலை வெக்கிற செக்யூர் ஃபோல்டர் அதோட சரி. ரூட்டும் பண்ணி சிஸ்டத்தோட முழு அதிகாரத்தையும் எடுத்துட்டா சிங்பாஸ், பேங்க் ஆப் எல்லாம் தகராறு பண்ணும். இந்த ஊர்ல அது ரெண்டும் இல்லாம ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க, தெரியும்.

லிங்க்ல வர்ற "சிஸ்டம் அப்டேட்"

வாட்ஸப்லயோ எஸ்எம்எஸ்லயோ ஏபிகேங்கிற ஆப் இன்ஸ்டால் பண்ற ஃபைலா சிஸ்டம் அப்டேட் வரவே வராது. வந்தா அது திருட்டு.

ஐபோன்காரங்களுக்கு

கம்ப்யூட்டர்ல சொருகினா "அப்டேட்", "ரீஸ்டோர்"னு ரெண்டு பட்டன் வரும். ரீஸ்டோர் எல்லாத்தையும் அழிச்சிடும், போன் சரியா ஆன் ஆகாம, கம்ப்யூட்டர்ல சொருகச் சொல்லி நிக்கிற ரிக்கவரி மோட்ல மாட்டிக்கிட்டாலும் முதல்ல அப்டேட்டையே அமுக்கிப் பாருங்க. டவுன்லோட் 15 நிமிஷத்துக்கு மேல இழுத்தா போன் தானா ரிக்கவரி மோட்ல இருந்து வெளிய வந்துடும், பதறிப்போய் ரீஸ்டோர் பக்கம் போகாதீங்க, டவுன்லோட் முடியட்டும்னு விட்டுட்டு திரும்ப ரிக்கவரில போட்டு அப்டேட்டையே அமுக்குங்க.